ஆஸ்கரும் ராஸியும்: யாருக்கு விருது என்று முன்கூட்டியே கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை செல்லூரில் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடை மாடியில், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நாங்கள் இருபது பேர் ஆஸ்கர் கணிப்புப் போட்டி நடத்துகிறோம். பணம் கட்டுவதில்லை. கடைசி மூன்று இடத்தில் வருகிறவர்கள் மற்ற எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். புதிதாகச் சேருகிறவர்கள் வருடா வருடம் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதிலும் நிறைய உலகப் படம் பார்த்தவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எது நல்ல படம் என்ற கேள்வியை மூன்று மாதத்துக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் யார், அந்த ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள், அவர்களில் கொஞ்சம் பேர் ஏற்கெனவே வேறு எங்கே கை தூக்கிக் காட்டிவிட்டார்கள். இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் குழப்பம்தான்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். எக்செல் தெரிந்தவர்கள் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். இடது ஓரத்தில் ஆஸ்கரின் 24 பிரிவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். நடிகர் தேர்வுக்கான (காஸ்டிங்) புதுப் பிரிவு 2026 விழாவிலிருந்து சேர்ந்ததால்தான் 24. அதற்கு முன் சில ஆண்டுகள் 23 இருந்தது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் ஒரு வரி குறையும்.

மேலே குறுக்காக முன்னோடி விருதுகளின் பெயர்களை எழுதுங்கள். ஆஸ்கருக்கு முன்னால் அதே படங்களுக்கு மற்றவர்கள் கொடுக்கும் விருதுகளைத்தான் அப்படிச் சொல்கிறேன்: கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், அமெரிக்க இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம், நடிகர் சங்கம், பிரிட்டனின் பாஃப்டா. இந்த ஆறும் அவசியம். மற்றவை பிறகு.

ஆண்டின் மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தனியாகத் தொடங்குங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கை தானாகவே இரண்டுக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொள்ளும். அது தவறு என்பது 8ஆம் படியில் தெரியும்.

என் அக்கா மகன் முதல் வருடம் கேட்டான்: "மாமா, பத்துப் படத்துல நான் ரெண்டுதான் பாத்திருக்கேன். நான் எப்படிக் கலந்துக்கிறது?" தாராளமாகக் கலந்துகொள்ளலாம். அந்த வருடம் அவன் மூன்றாவதாக வந்தான். தனக்குப் பிடித்த படம் என்ற பாரம் அவன் தலையில் இல்லாததுதான் அவனுக்கு உதவியது. இருந்தாலும் முடிந்தவரை படங்களைப் பாருங்கள், கூட நாலு பேரோடு பாருங்கள். யாருக்கு எங்கே அலுக்கிறது என்று தெரிந்துகொள்வது 6ஆம் படியில் கைகொடுக்கும்.

1. முதலில் வாக்காளர் பட்டியல்

தேர்தல் நேரத்தில் நம் ஊர் டீக்கடையில் யார் ஜெயிப்பார் என்று பேச்சு வந்தால், அனுபவசாலிகள் வேட்பாளரைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த வார்டில் எத்தனை ஓட்டு, அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் தொடங்குவார்கள். இங்கேயும் அதேதான்.

ஆஸ்கரில் ஓட்டுப் போடுகிறவர்கள் அந்த விருதை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்கள், சுமார் 10,000 பேர். எல்லோரும் சினிமாத் தொழிலில் இருப்பவர்கள். இறுதிப் போட்டிக்குப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் பரிந்துரைக் கட்டத்தில் பெரும்பாலும் அந்தந்தத் துறையினர் தங்கள் துறைக்கு மட்டும் ஓட்டுப் போடுவார்கள்: நடிகர்கள் நடிகர்களை, ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களைப் பரிந்துரைப்பார்கள். இறுதிச் சுற்றில் எல்லோரும் எல்லாப் பிரிவுக்கும் ஓட்டுப் போடலாம். ஒரு பிரிவில் ஓட்டுப் போட அந்தப் பிரிவின் படங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதி 2026 விழாவிலிருந்து வந்திருக்கிறது.

இந்த இரண்டு கட்ட வித்தியாசத்தை மனதில் பதியவையுங்கள். பரிந்துரை நிபுணர்களின் தேர்வு. வெற்றி பொதுக்கூட்டத்தின் தேர்வு. உடை வடிவமைப்புக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஊசி நூல் பிடித்தவர்கள் அல்லர். நடிகர்கள்தான் அகாடமியின் மிகப் பெரிய பிரிவு.

இங்கே நம்மவர்கள் செய்யும் ஒரு பிழை. சூர்யாவுக்கு 2022இலும் மணிரத்னத்துக்கு 2023இலும் கமல்ஹாசனுக்கு 2025இலும் அகாடமியில் சேர அழைப்பு வந்தது. உடனே "நம்ம ஆளுங்க ஓட்டு இருக்கு" என்று இந்தியத் தொடர்புள்ள எல்லாவற்றுக்கும் டிக் போடுகிறார்கள். பத்தாயிரத்தில் அது எத்தனை ஓட்டு என்று ஒரு நிமிடம் யோசித்தால் கை நின்றுவிடும்.

நம் தேசியத் திரைப்பட விருதுக்கு இந்த முறை செல்லாது. அங்கே முடிவு செய்வது ஆண்டுதோறும் மாறும் சிறு நடுவர் குழு. பத்துப் பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவை வெளியிலிருந்து கணிக்க வழி இல்லை. நாங்கள் அதை எங்கள் போட்டியிலிருந்து எடுத்தே விட்டோம்.

2. அனுப்பிய படம் வேறு, பரிந்துரை பெற்ற படம் வேறு

ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு தமிழ்ப் படத்தின் பெயரோடு "ஆஸ்கருக்குத் தேர்வு" என்று செய்தி வரும். அது நாலு வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கலாம். எது என்று பிரித்துப் பார்க்காமல் நோட்டில் எழுதக் கூடாது.

முதலாவது தகுதிப் பட்டியல். குறிப்பிட்ட விதிப்படி வெளியாகி, விண்ணப்பமும் கொடுத்த படங்கள் எல்லாம் இதில் இருக்கும். 2021இல் சூரரைப் போற்று இதில் இடம்பெற்றது; கதாநாயகன் சோழவந்தான்காரன் என்பதால் எங்கள் மாடியில் அன்று பெரிய கொண்டாட்டம். அந்தப் பட்டியலில் இருந்த படங்கள் 366. பரிந்துரை வந்தபோது அதில் படம் இல்லை.

இரண்டாவது, நாட்டின் சார்பாக அனுப்புவது. சர்வதேசப் படத்துக்கான பிரிவுக்கு இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஒரு படத்தை ஃபிலிம் ஃபெடரேஷன் தேர்ந்தெடுத்து அனுப்பும். 2021இல் அப்படிப் போனது கூழாங்கல். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் எடுத்த படம், ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. மூன்றாவது கட்டமான 15 படங்களின் குறும்பட்டியலுக்கு அது போகவில்லை. நாலாவது கட்டம்தான் 5 படங்களின் பரிந்துரை. நம் போட்டி தொடங்குவது இந்த நாலாவது கட்டத்தில்.

ஊர்ப் பாசம் நல்லதுதான். கூழாங்கல் எனக்கு மிகவும் பிடித்த படம். அதை நண்பர்களுக்குக் காட்டுங்கள், பேசுங்கள். கணிப்பு நோட்டில் மட்டும் கொண்டுவராதீர்கள்.

3. நாட்காட்டி போடுங்கள், பேனாவைக் கீழே வையுங்கள்

விருது நாட்களை ஒரே தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் கோல்டன் குளோப், அப்புறம் மற்றவை. நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் பல தேதிகள் தள்ளிப்போயின. ஆகவே போன வருடத் தாளை நம்பாதீர்கள்.

அந்தத் தாளில் ஆஸ்கர் இறுதி ஓட்டெடுப்பு தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சிவப்பு மையில் குறியுங்கள். இதைப் புதியவர்கள் யாருமே செய்வதில்லை. 2025இல் ஓட்டெடுப்பு பிப்ரவரி 11 முதல் 18 வரை. பாஃப்டா 16ஆம் தேதி, அதாவது ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே. நடிகர் சங்க விருது 23ஆம் தேதி; அதற்குள் ஓட்டுப்பெட்டி மூடியாயிற்று. அந்த மேடையில் யார் எவ்வளவு உருக்கமாகப் பேசியிருந்தாலும் ஒரு ஓட்டும் மாறியிருக்க முடியாது. நடிகர்கள் மனநிலை எப்படி இருந்தது என்பதற்கு அது ஓர் அறிகுறி மட்டுமே.

கோல்டன் குளோப் முடிந்த கையோடு டிக் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. 2025 ஜனவரி 5 அன்று அனோரா என்ற படம் ஒரு குளோப்கூட வாங்கவில்லை. தி புரூட்டலிஸ்டும் எமிலியா பெரெஸும் பெரிய விருதுகளை எடுத்துப் போயின. எங்களில் எட்டுப் பேர் அன்றே அனோராவை அடித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 7, 8 இரண்டே நாளில் கிரிட்டிக்ஸ் சாய்ஸ், இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் மூன்றும் அனோராவுக்குப் போயின. ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட 5 விருது வாங்கியது அந்தப் படம்தான்.

காரணம் எளிது. குளோபுக்கும் கிரிட்டிக்ஸ் சாய்ஸுக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் பத்திரிகையாளர்கள், விமர்சகர்கள். அவர்களுக்கு ஆஸ்கரில் ஓட்டு இல்லை. தொழிற்சங்க விருதுகளிலும் பாஃப்டாவிலும் ஓட்டுப் போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் உறுப்பினர்கள். எனவே நோட்டில் முதல் இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள், மற்ற நாலையும் பேனாவால்.

4. இயக்குநரில் தொடங்குங்கள்

24 பிரிவையும் மேலிருந்து கீழாக நிரப்ப உட்காராதீர்கள். உறுதியானதை முதலில் நிரப்பினால் மீதிக்கு அது முட்டுக்கொடுக்கும்.

மிக உறுதியானது சிறந்த இயக்குநர். அமெரிக்க இயக்குநர் சங்க விருது வாங்கியவரே ஆஸ்கரும் வாங்குவது வழக்கம். 1948இல் அந்த விருது தொடங்கியதிலிருந்து 2025 விழா வரை 8 முறைதான் பிசகியிருக்கிறது. அதிலும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், ரான் ஹோவர்ட், பென் அஃப்லெக் மூன்று பேரும் சங்க விருது வாங்கிய ஆண்டில் ஆஸ்கர் பரிந்துரையிலேயே இல்லை. அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சங்க விருது வாங்கியவர் பெயர் ஆஸ்கர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இங்கே புத்திசாலித்தனம் காட்ட நினைத்து நான் இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

5. நடிப்பு: நாலு கட்டம், ஒரு கேள்வி

நடிப்புக்கு நாலு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், பாஃப்டா, நடிகர் சங்கம் என நாலு கட்டத்தை நிரப்புங்கள். நாலிலும் ஒரே பெயர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 2025இல் துணை நடிப்பு இரண்டும் அப்படித்தான், ஸோயி சால்டானா, கீரன் கல்கின்.

பெயர்கள் பிரிந்தால்தான் வேலை. 2019இல் குளோபும் நடிகர் சங்கமும் க்ளென் க்ளோஸுக்குக் கொடுத்தன, பாஃப்டா ஒலிவியா கோல்மனுக்கு. ஆஸ்கர் கோல்மனுக்கு. 2021இல் சாட்விக் போஸ்மனுக்கு என்று ஊரே எதிர்பார்த்தது. பாஃப்டா வாங்கியிருந்த ஆந்தனி ஹாப்கின்ஸுக்குப் போனது. 2025இல் டெமி மூர் மூன்று விருது வாங்கி வந்தார். பாஃப்டா மட்டும் வாங்கிய மைக்கி மேடிசன் ஜெயித்தார்.

இதைப் பார்த்துவிட்டு "பாஃப்டாதான் சூத்திரம்" என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்காக 2023 இருக்கிறது. அந்த ஆண்டு பாஃப்டாவின் நாலு நடிப்பு விருதுகளும் ஆஸ்கரோடு ஒத்துப்போகவில்லை. நடிகர் சங்கத்தின் நாலும் ஒத்துப்போயின.

நான் கேட்கும் கேள்வி வேறு: இந்த நடிகரின் படத்தை அகாடமிக்கு மொத்தமாகப் பிடித்திருக்கிறதா? க்ளோஸ் நடித்த படத்துக்கு அவருடையதைத் தவிர வேறு பரிந்துரையே இல்லை. கோல்மன் படத்துக்குப் பத்து. ஹாப்கின்ஸின் படம் சிறந்த படத்துக்கான போட்டியில் இருந்தது, போஸ்மனின் படம் இல்லை. 2023இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிய மிஷெல் யோவின் படத்துக்கு 11 பரிந்துரை. ஒருவரைப் பிடிக்கும் என்பதைவிட, அந்தப் படத்தை எத்தனை துறைக்காரர்கள் விரும்பிப் பார்த்தார்கள் என்பதே நல்ல தடயம்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. அதே 2023இல் பிரெண்டன் ஃப்ரேசரின் படம் சிறந்த படப் பட்டியலில் இல்லை, ஆனாலும் அவர் வாங்கினார். அதனால் கட்டங்கள் பிரிந்திருக்கும் பிரிவுக்கு அதிக மதிப்பெண் வைக்கக் கூடாது. எவ்வளவு வைக்கலாம் என்பது 9ஆம் படியில்.

இன்னொரு சின்னச் சோதனை: முன்னணியில் இருப்பவர் எங்காவது பரிந்துரையிலேயே விடுபட்டாரா? 2024இல் லில்லி கிளாட்ஸ்டோன் நடிகர் சங்க விருது வாங்கினார், ஆனால் பாஃப்டா பரிந்துரையில் அவர் பெயரே இல்லை. ஆஸ்கர் எம்மா ஸ்டோனுக்குப் போனது. வெற்றிகளை மட்டும் எழுதுகிறவர்கள் கண்ணில் இது படாது. விடுபட்ட இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

6. சிறந்த படம்: ஓட்டு எண்ணும் முறையை ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்

மற்ற எல்லாப் பிரிவிலும் அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. சிறந்த படத்துக்கு மட்டும் வேறு முறை. 2010 விழாவிலிருந்து உறுப்பினர்கள் படங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தித் தருகிறார்கள். சொன்னால் புரியாது, செய்து பார்த்தால் பத்து நிமிடத்தில் புரியும். புதியவர்களுக்கு நான் முதலில் செய்வது இந்தப் பயிற்சிதான்.

இருபது பேர் சுற்றுலா போக இடம் தேர்ந்தெடுக்கிறோம். சீட்டில் மூன்று இடத்தையும் வரிசைப்படுத்த வேண்டும். முதல் இடமாகக் கொடைக்கானல் எழுதியவர்கள் 8, ராமேஸ்வரம் 7, குற்றாலம் 5. சாதாரணத் தேர்தல் என்றால் கொடைக்கானல் ஜெயித்துவிட்டது. இந்த முறையில் பாதிக்கு மேல், அதாவது 11 வேண்டும். யாருக்கும் இல்லை. கடைசியாக வந்த குற்றாலத்தை நீக்கி, அந்த 5 சீட்டையும் இரண்டாம் இடத்தில் எழுதியிருப்பவருக்குக் கொடுக்கிறோம். அதில் 4 ராமேஸ்வரம், 1 கொடைக்கானல். இப்போது ராமேஸ்வரம் 11, கொடைக்கானல் 9. பேருந்து ராமேஸ்வரத்துக்கு.

ஆகவே எத்தனை பேருக்கு அந்தப் படம் உயிர் என்பதோடு, மற்றவர்கள் அதை இரண்டு மூன்றாம் இடத்திலாவது வைப்பார்களா என்றும் கேட்க வேண்டும். சிலர் தலையில் தூக்கி ஆட, சிலர் பாதியில் எழுந்து போகும் படத்துக்கு இந்த முறை பாதகம். கூட உட்கார்ந்து பார்த்தவர்களின் முகத்தைக் கவனியுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். தி பவர் ஆஃப் தி டாக் 2022இல் 12 பரிந்துரையோடு வந்து இயக்குநர் விருது ஒன்றோடு போனது. மூன்றே பரிந்துரையோடு வந்த கோடா, மூன்றையும் வென்று சிறந்த படமும் ஆனது. அதிகப் பரிந்துரை வாங்கிய படமே ஜெயிக்கும் என்று கண்ணை மூடி எழுதுகிறவர்கள் இந்த ஒரு ஆண்டைப் படித்தால் போதும்.

தயாரிப்பாளர் சங்கமும் இதே முறையில்தான் எண்ணுகிறது. அதனால் ஆறு முன்னோடி விருதுகளில் சிறந்த படத்துக்கு நான் அதிகம் மதிப்பது அதைத்தான். 2022இல் கோடாவைக் காட்டிக்கொடுத்ததும் அதுவே. ஆனால் 2017இல் அது லா லா லேண்டைச் சொன்னது, மூன்லைட் ஜெயித்தது.

2020இல் 1917 படத்துக்குத் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், பாஃப்டா மூன்றும் வந்தன. நான் அதற்கு உச்ச மதிப்பெண் வைத்தேன். பாரசைட் ஜெயித்தது. அன்று இரவே நோட்டை எடுத்து என்ன பார்க்கத் தவறினேன் என்று தேடினேன். 1917க்கு நடிப்பில் ஒரு பரிந்துரையும் இல்லை, படத்தொகுப்பிலும் இல்லை. பாரசைட்டுக்கு நடிகர் சங்கத்தின் ஒட்டுமொத்த நடிகர் குழு விருது கிடைத்திருந்தது. அகாடமியில் மிகப் பெரிய கூட்டம் நடிகர்கள் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கட்டத்தில் அதைப் பார்க்கவில்லை. அதிலிருந்து, முன்னணிப் படத்துக்கு நடிகர்கள் ஆதரவு இருக்கிறதா என்று தனியாக ஒரு கட்டம் போட்டுவிட்டேன்.

7. சின்னப் பிரிவுகள்தான் போட்டியை முடிவு செய்கின்றன

இருபது பேரும் ஒரே இயக்குநரை எழுதினால் அதில் யாருக்கும் லாபமில்லை. வித்தியாசம் விழுவது குறும்படம், ஆவணப்படம், அனிமேஷன், பாடல் ஆகியவற்றில். புதியவர்கள் இவற்றைத்தான் கடைசி ஐந்து நிமிடத்தில் பெயர் அழகாக இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறார்கள்.

குறும்படங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், பல சட்டப்படி இணையத்திலேயே கிடைக்கும். முதுமலையில் எடுத்த தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ் 2023இல் ஆவணக் குறும்பட விருது வாங்கியது. எங்களில் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள், பாசத்தால் அல்ல. ஐந்தையும் பார்த்தபோது மனசில் தங்கியது அதுதான். பெரிய ஓடிடி தளத்தில் இருந்ததால் வாக்காளர்களும் எளிதாகப் பார்த்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டோம்.

பாடலுக்குக் குளோபையும் கிரிட்டிக்ஸ் சாய்ஸையும் சேர்த்துப் பாருங்கள். நாட்டு நாட்டு இரண்டையும் வாங்கிவிட்டுத்தான் ஆஸ்கருக்குப் போனது.

அனிமேஷனுக்கு அமெரிக்க அனிமேஷன் கலைஞர்களின் ஆனி விருதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். 2024இல் ஸ்பைடர் வெர்ஸ் படம், 2025இல் தி வைல்ட் ரோபாட் என ஆனி ஒன்று சொன்னது. ஆஸ்கர் ஜப்பானின் தி பாய் அண்ட் தி ஹெரானுக்கும் லாட்வியாவின் ஃப்ளோவுக்கும் போனது. இரண்டும் குளோப் வாங்கியவை. அகாடமியில் வெளிநாட்டு உறுப்பினர்கள் பெருகியிருப்பது இந்தப் பிரிவில் நன்றாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

சர்வதேசப் படத்தில், சிறந்த படப் பட்டியலிலும் இருக்கும் படத்தை எழுதுங்கள். அப்படி இரண்டு இருந்தால், எந்தப் படத்தைச் சுற்றிச் சர்ச்சை இல்லையோ அது. 2025இல் 13 பரிந்துரை வாங்கியும் சர்ச்சையில் சிக்கிய எமிலியா பெரெஸ் இந்தப் பிரிவில் பிரேசிலின் ஐ'ம் ஸ்டில் ஹியர் படத்திடம் தோற்றது.

தொழில்நுட்பப் பிரிவுகளில் கண்ணுக்கும் காதுக்கும் பட்டெனத் தெரியும் வேலையை எழுதுங்கள். ஓட்டுப் போடுவது பொதுக்கூட்டம் என்பதை மறக்க வேண்டாம்.

8. ராஸி: இங்கே வேறு வாக்காளர்கள்

கோல்டன் ராஸ்பெர்ரி, சுருக்கமாக ராஸி, ஆண்டின் மோசமான படத்துக்கும் நடிப்புக்கும் கொடுப்பது. வழக்கமாக ஆஸ்கருக்கு முந்தைய நாள் அறிவிப்பார்கள். ஆஸ்கரில் நன்றாகக் கணிக்கும் ஆட்கள் இங்கே மொத்தமாகக் கோட்டை விடுவார்கள்; தாங்கள் பார்த்ததிலேயே மோசமான படத்தை எழுதுவார்கள்.

ஆண்டுச் சந்தா கட்டி யார் வேண்டுமானாலும் ராஸி வாக்காளர் ஆகலாம். படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்னோடி விருதும் இல்லை. அதனால் படத்தின் தரத்தை எடைபோடுவதில் பயனில்லை. அந்த ஆண்டு ஊர் வாயில் எந்தப் படம் மாட்டியது என்பதைத்தான் கணிக்க வேண்டும்.

முதலில் மோசமான படத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் மற்றவை. ராஸியில் விருதுகள் கொத்தாக விழும். 2012இல் ஜாக் அண்ட் ஜில் பத்துப் பிரிவையும் மொத்தமாக எடுத்தது. கேட்ஸ் 2020இல் ஆறு. அதே சமயம் அதிகப் பரிந்துரை பெற்ற படம்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். 2025இல் ஜோக்கரின் இரண்டாம் பாகத்துக்குத்தான் அதிகப் பரிந்துரை, 7. மோசமான படமானது மேடம் வெப். ஜோக்கருக்கு மோசமான தொடர்ச்சிப் படம் என்ற விருது கிடைத்தது. இரண்டாம் பாகமும் ரீமேக்கும் தனிப் பிரிவு என்பதால் கோபம் அங்கே வடிந்துவிடும்.

மோசமான இயக்குநருக்குப் பெரிய பெயரைப் பாருங்கள். 2025இல் அது ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவுக்குப் போனது. அவரும் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அமெரிக்க அரசியல் பேசும் ஆவணப்படம் பட்டியலில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: 2017இலும் 2021இலும் மோசமான படமானவை அப்படிப்பட்டவை.

"இவர் நல்ல நடிகை, இவருக்கா ராஸி?" என்று விட்டுவிடாதீர்கள். 2010இல் சான்ட்ரா புல்லக் ஒரே வார இறுதியில் ராஸியும் வாங்கினார், ஆஸ்கரும் வாங்கினார். படங்கள் வேறு. நோட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான்.

கடைசி நாளில் பட்டியலை மறுபடி சரிபாருங்கள். புரூஸ் வில்லிஸின் உடல்நிலை தெரிய வந்ததும் 2022இல் அவருக்கென்று வைத்திருந்த பிரிவையே ராஸி திரும்பப் பெற்றது. 2023இல் ஒரு சிறுமியைப் பரிந்துரைத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பரிந்துரைப்பதில்லை என்ற விதி அதன்பிறகு வந்தது.

ஒரு வருடம் நாங்களும் தமிழ்ப் படங்களுக்கு மோசமான விருது வைத்தோம். பட்டியலைப் படித்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருவர் எதுவும் பேசவில்லை. நாங்கள் கைதட்டிச் சிரித்த படத்தில் அவர் லைட்மேனாக நாற்பது நாள் வேலை பார்த்திருந்தார், சம்பளத்தில் பாதி இன்னும் வரவில்லை. அன்றோடு அதை நிறுத்திவிட்டோம். ராஸிக் கணிப்பிலும் பெயரைச் சொல்கிறோம், ஆளைக் கிண்டல் செய்வதில்லை என்று வைத்திருக்கிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

9. மதிப்பெண், பூட்டு, திங்கள் காலை

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மதிப்பெண் என்று வைத்தால் பாதிப் பேர் சமமாக வருவார்கள். நாங்கள் செய்வது: மிக உறுதியான கணிப்புக்கு 24, அடுத்ததுக்கு 23, இப்படியே கடைசிக்கு 1. ஓர் எண்ணை ஒருமுறைதான் வைக்கலாம். மொத்தம் 300. எதில் எனக்கு உறுதி, எதில் ஊகம் என்று ஒவ்வொருவரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் இந்த முறை நன்றாகக் கற்றுத்தருகிறது.

இயக்குநரும் நாலு கட்டமும் ஒத்துப்போன நடிப்பும் மேலே. கட்டம் பிரிந்தவை நடுவில். பார்க்காத குறும்படம் கீழே. எல்லோரும் எழுதுவதற்கு மாறாக எழுத ஆசை இருந்தால் இரண்டே பிரிவில் செய்யுங்கள், அதுவும் முன்னோடி விருதுகள் பிரிந்திருக்கும் பிரிவில். ஐந்தாறு இடத்தில் துணிந்தால் ஜிகர்தண்டாச் செலவு உங்களுடையது.

கடைசி முன்னோடி விருது முடிந்த மறுநாள் தாளை மடித்து உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அதன்பிறகு மாற்றக் கூடாது. எங்கள் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன்: கடைசி இரவில் அடித்துத் திருத்தியவற்றில் முதலில் எழுதியதுதான் பெரும்பாலும் சரி. புதுத் தகவல் எதுவும் இல்லாமல் பயத்தில் மாற்றியவை அவை. சமநிலை வந்தால் பிரிக்க, அதிக விருது வாங்கும் படம் எத்தனை வாங்கும் என்ற எண்ணையும் உறையின் மேலே எழுதச் சொல்லுங்கள்.

விழா அமெரிக்காவில் ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் விடியற்காலை. 2024இல் நம் நேரம் 4.30க்குத் தொடங்கியது, 2025இல் 5.30க்கு. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். விழா அதற்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து நமக்கு நேரம் மாறும். இது தெரியாமல் ஒரு வருடம் மூன்று பேர் முதல் மணி நேரம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். ஞாயிறு இரவே உறைகளை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பாதியில் எழுந்து போனாலும் கணக்கு தடைபடாது.

முடிவு வந்த அன்றே, தவறிய ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரில் ஒரு வரி எழுதுங்கள்: எந்தக் கட்டம் சரியாகச் சொன்னது, நான் ஏன் அதை விட்டேன். "எதிர்பாராத முடிவு" என்று மட்டும் எழுதாதீர்கள், அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அடுத்த ஜனவரியில் புது நோட்டு வாங்கியதும் முதல் வேலையாக இந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.